படம் அழகாக இருந்தால் போதுமா? பெட் மீளுருவாக்க முறைகளை ஒப்பிடும் வழி

எங்கள் பெட் ஸ்கேன் மையம் (சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் இடம்) பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. கிழக்கே வாளையாறு தாண்டினால் கோவை, மேற்கே குதிரான் சுரங்கப்பாதை தாண்டினால் திருச்சூர். நோயாளி கையில் கொண்டுவரும் பழைய சிடி எந்தப் பக்கத்துக் கருவியில் எடுத்தது என்று உறையைப் பிரித்தால்தான் தெரியும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதல் ஸ்கேனைக் கோவையில் எடுத்துவிட்டு, கீமோவுக்குப் பிறகான ஸ்கேனுக்கு இங்கே வருவார்கள். சிலர் இதற்கு நேர்மாறாகப் போவார்கள். மகள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், தங்க இடம் எங்கே கிடைக்கும் என்பதைப் பொறுத்த விஷயம் அது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் டாக்டர் கேட்பது ஒன்றுதான்: நோய் குறைந்திருக்கிறதா, இல்லையா? அந்த விடையில் மருந்தின் பங்கு எவ்வளவு, மென்பொருளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது என்னைப் போன்ற மருத்துவ இயற்பியலாளர்களின் வேலை.

பெட் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இயற்பியலாளருக்கும் டெக்னீஷியனுக்கும் இதை எழுதுகிறேன். கருவி விற்க வருகிறவர் மடிக்கணினியில் இரண்டு படங்களைக் காட்டி, "இடதுபக்கம் பழையது, வலதுபக்கம் புதியது, வித்தியாசத்தை நீங்களே பாருங்கள்" என்பார். வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதற்குப் பெயர் ஒப்பீடு அன்று. இடதுபக்கப் படத்துக்கு எத்தனை இட்டரேஷன் (திருத்தச் சுற்று), எவ்வளவு ஃபில்டர் (மழுக்கல்) என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

முறைகளின் குணம்

மருந்து உமிழும் பாசிட்ரான் (நேர்மின் எலக்ட்ரான்) ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது 511 கேஇவி ஆற்றலுள்ள இரண்டு ஃபோட்டான்கள் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் பறக்கின்றன. சில நானோவினாடி இடைவெளிக்குள் இரண்டு டிடெக்டர்களில் அவை விழுந்தால், 'இந்தக் கோட்டில் எங்கோ ஒரு நிகழ்வு' என்று கருவி குறித்துக்கொள்கிறது. அப்படிக் குறித்த கோடிக்கணக்கான கோடுகளிலிருந்து, உடலில் மருந்து எங்கே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு எடுப்பதுதான் மீளுருவாக்கம். அதே கோடுகளை வைத்துக்கொண்டு பத்து விதமான படங்களைச் செய்யலாம். பத்தும் பொய்யல்ல, ஆனால் பத்தும் ஒரே எண்ணைத் தராது.

பழைய முறை வடிகட்டிய பின்வீழ்த்தல், எல்லோரும் சொல்வது போல் எஃப்பிபி. வேகமானது, நேர்கோட்டுத் தன்மை உடையது: செயலளவு (கதிரியக்கத்தின் அளவு) இரட்டித்தால் படத்திலும் இரட்டிக்கும். ஆனால் அதன் ஃபில்டர் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைப் பெருக்கிக் காட்டும், சூடான (மருந்து அதிகம் சேர்ந்த) இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போல் கோடுகள் ஓடும், குளிர்ந்த இடங்களில் எதிர்மறை எண்கள் வரும். முழு உடல் ஸ்கேனை இன்று யாரும் இதில் படிப்பதில்லை. ஆனாலும் இதைத் தூக்கி எறியாதீர்கள். நீமா (அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கம்) தரத்தில் பிரிதிறன் அளவீட்டுக்கு எஃப்பிபிதான் அடிப்படை. காரணம் உண்டு: காற்றில் வைத்த புள்ளி மூலத்தை இட்டரேட்டிவ் முறையில் மீளுருவாக்கினால், கருவியின் உண்மையான திறனைவிடச் சிறிய புள்ளியாக அது சுருங்கிக் காட்டிவிடும்.

1982-இல் ஷெப், வார்டி இருவரும் முன்வைத்த எம்எல்இஎம் முறை வேறு வழியில் போகிறது. ஒரு படத்தை ஊகித்துக்கொண்டு, அந்தப் படம் உண்மையாக இருந்தால் டிடெக்டர்களில் என்ன பதிவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, உண்மையில் பதிவானதோடு ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்தும். திரும்பத் திரும்ப இதையே செய்யும். 1994-இல் ஹட்சனும் லார்கினும் தரவைப் பல சப்செட்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருத்தினால் வேகம் பல மடங்கு கூடும் என்று காட்டினார்கள், அதுதான் ஓசெம். 3 இட்டரேஷன், 21 சப்செட் என்றால் ஏறத்தாழ 63 எம்எல்இஎம் திருத்தங்களுக்குச் சமம். திருத்தங்கள் கூடக் கூடச் சிறிய கட்டிகள் தம் உண்மையான அளவை நெருங்கும், கூடவே இரைச்சலும் (படத்தில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்) ஏறும். அதனால் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தி, மேலே ஒரு காஸியன் ஃபில்டர் பூசுகிறோம். எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் படத்தின் பதம். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: ஓசெம் எதிர்மறை எண்ணைத் தராது. எனவே பதிவான நிகழ்வுகளின் எண்ணிக்கை குறைந்த ஸ்கேனில், குளிர்ந்த பகுதிகள் உண்மையைவிடச் சற்றே சூடாகத் தெரியும்.

இதன் மேல் இரண்டு சேர்க்கைகள் வந்தன. முதலாவது டாஃப், அதாவது பறக்கும் நேரத்தைக் கணக்கில் எடுப்பது. இரண்டு ஃபோட்டான்களும் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு நிகழ்வு கோட்டின் எந்தப் பகுதியில் நடந்தது என்று குறுக்கிவிடலாம். நேரப் பிரிதிறன் 400 பிக்கோவினாடி என்றால் இடம் 6 சென்டிமீட்டருக்குள் அடங்கும். 200 என்றால் 3 சென்டிமீட்டர். உடலின் குறுக்களவை இந்த நீளத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், இரைச்சலுக்கு எதிராகக் கிடைக்கும் ஆதாயத்துக்கு ஒரு தோராயமான மதிப்பு வரும். 40 சென்டிமீட்டர் உடலுக்கு 6 சென்டிமீட்டர் டாஃப் என்றால் இரண்டரை மடங்கு, 20 சென்டிமீட்டர் குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் கீழே. பருத்த உடல் உள்ளவர்களுக்குத்தான் டாஃபின் அருமை தெரியும்.

இரண்டாவது சேர்க்கை பிஎஸ்எஃப், டிடெக்டர் ஒரு புள்ளியை எப்படி மங்கலாக்குகிறது என்பதைக் கணக்குக்குள்ளேயே சேர்ப்பது. சீமென்ஸ் இதை ட்ரூஎக்ஸ் என்றும் ஜிஇ ஷார்ப்ஐஆர் என்றும் விற்கிறது. படம் பளிச்சென்று ஆகும். ஆனால் விளிம்புகளில் எண் மேலெகிறும். 13, 17 மில்லிமீட்டர் அளவுள்ள கட்டிகளில் இரு விளிம்புகளின் எகிறலும் நடுவில் ஒன்று சேர்ந்து, உண்மையைவிட அதிகமான எஸ்யூவிமேக்ஸ் (செலுத்திய மருந்துக்கும் உடல் எடைக்கும் ஏற்பச் சரிசெய்த சேர்ப்பு எண்ணான எஸ்யூவியின் உச்சம்) வரக்கூடும். கண்ணுக்கு இது தெரியாது. அழகான சிறிய கட்டியாகத்தான் தெரியும்.

கடைசியாக, தண்டனை வைத்து இரைச்சலை அடக்கும் முறைகள். ஜிஇ-யின் க்யூகிளியர் இவ்வகை. அண்டை வாக்ஸல்களுக்கு (படத்தின் சிறு கனக் கட்டங்களுக்கு) இடையே வித்தியாசம் கூடினால் அபராதம். அபராதத்தின் கனத்தைத் தீர்மானிப்பது பீட்டா. அபராதம் இருப்பதால், இரைச்சலுக்குப் பயந்து பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை ஓட்டலாம். பீட்டா குறைந்தால் கூர்மையும் இரைச்சலும், கூடினால் மழுமழுப்பு. இங்கே கவனிக்க வேண்டியது, இதில் பயன்படும் அபராதம் சார்பு வித்தியாசத்தைப் பார்க்கிறது. மிகச் சூடான கட்டியை விட்டுவைக்கும். மங்கலான சிறிய கட்டியை அழுத்தித் தேய்க்கும். அதாவது ஒரு கட்டியின் எண் அதன் சூட்டைப் பொறுத்தே மாறும். ஃபேண்டத்தில் (உடலுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும், நீர் நிரப்பிய மாதிரி) கட்டிக்கும் பின்னணிக்கும் 4:1 விகிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பீட்டா, 2:1 விகிதக் கட்டியில் என்ன செய்யும் என்று தனியாகப் பார்த்தாக வேண்டும்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த முறை நல்லது என்ற கேள்விக்கு விடை கிடையாது. நுரையீரலில் 8 மில்லிமீட்டர் முடிச்சைக் கண்டுபிடிக்க எது நல்லது என்று கேட்டால் விடை உண்டு. லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) நோயாளியின் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட எது நல்லது என்று கேட்டாலும் விடை உண்டு. இரண்டு விடைகளும் வேறு. கண்டுபிடிக்கக் கூர்மை வேண்டும், ஒப்பிட மாறாத அளவுகோல் வேண்டும். ஒரே மீளுருவாக்கத்தில் இரண்டையும் சாதிக்க முயல்கிற மையங்களில்தான் சச்சரவு. ஒரே மூலத் தரவிலிருந்து பார்ப்பதற்கு ஒன்று, அளப்பதற்கு ஒன்று என இரண்டு மீளுருவாக்கம் செய்துகொள்ளலாம் என்பது என் கட்சி. கணினிக்குச் சில நிமிட வேலை, நோயாளிக்கு ஒரு துளி மருந்தும் கூடுதலாக இல்லை.

கேள்வி எதுவானாலும் முதல் வேலை லிஸ்ட் மோட் கோப்பை (ஒவ்வொரு நிகழ்வையும் வரிசையாகப் பதிந்த மூலத் தரவை) பத்திரப்படுத்துவது. டிஸ்க் நிரம்பியதும் தானாக அழிக்கும்படி பல கருவிகளில் அமைத்திருப்பார்கள். மீளுருவாக்கிய படத்திலிருந்து மூலத்துக்குத் திரும்பப் போக வழியில்லை. ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுத்த நோயாளிகளின் கோப்புகளை அன்றைக்கே, பெயர் நீக்கி, வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபேண்டம் நிரப்பும் நாள்

நீமா ஃபேண்டத்தில் ஆறு கண்ணாடிக் கோளங்கள் இருக்கின்றன: உள்விட்டம் 10, 13, 17, 22, 28, 37 மில்லிமீட்டர். பின்னணிக் கொள்ளளவு ஏறத்தாழ 9.7 லிட்டர், உங்கள் ஃபேண்டத்தை வெறும் தண்ணீரால் நிரப்பி, எடை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்கேன் தொடங்கும் நேரத்தில் பின்னணியில் மில்லிலிட்டருக்கு 5.3 கிலோபெக்கரல் இருக்க வேண்டும். மொத்தம் 51 மெகாபெக்கரலுக்குச் சற்று மேலே, நம் ஊர்க் கணக்கில் 1.4 மில்லிகியூரி.

கோளத்தையும் பின்னணியையும் தனித்தனியாகக் கலந்தால் இரண்டு அளவீடுகளின் பிழையும் விகிதத்தில் வந்து சேரும். நான் செய்வது வேறு. மொத்தக் கொள்ளளவில் கால்பங்கு, அதாவது 2.43 லிட்டர், அதோடு கோளங்களுக்காக 50 மில்லிலிட்டர் கூட்டி, 2.48 லிட்டர் தண்ணீரை ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் எடுத்து, தேவையான எஃப்டிஜியை (ஃப்ளூரின்-18 ஏற்றிய சர்க்கரை மருந்து) அதில் செலுத்திக் குலுக்குவேன். இதுதான் கோளத்தின் செறிவு. இதிலிருந்து 50 மில்லிலிட்டர் எடுத்து ஆறு கோளங்களையும் நிரப்பிவிட்டு, மீதியை முழுவதும் ஃபேண்டத்தில் ஊற்றி, வெறும் தண்ணீரால் 9.7 லிட்டர் வரை நிரப்பினால் 4:1 தானாக வந்துவிடும். டோஸ் கேலிப்ரேட்டர் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் கருவி) சற்றுக் கூடவோ குறையவோ காட்டினாலும் விகிதம் குலையாது. 2:1 வேண்டுமானால் கால்பங்குக்குப் பதில் அரைப்பங்கு.

10 மில்லிமீட்டர் கோளத்தில்தான் பொறுமை சோதிக்கப்படும். அதன் கொள்ளளவு வெறும் 0.52 மில்லிலிட்டர். உள்ளே மிளகளவு காற்றுக்குமிழி தங்கிவிட்டால் எட்டில் ஒரு பங்கு போயிற்று. பிறகு நீங்கள் வரையும் வளைகோடு முழுவதும் அந்தக் குமிழியைப் பற்றித்தான் பேசும். நீண்ட மெல்லிய ஊசியைக் கோளத்தின் அடிவரை இறக்கி, மெதுவாகச் செலுத்திக்கொண்டே ஊசியை மேலே இழுங்கள். தண்டின் வாய்வரை நீர் ஏறியதும், ஃபேண்டத்தைச் சாய்த்து விரல் நுனியால் தண்டைத் தட்டுங்கள். எங்கள் சித்தூர் டெக்னீஷியன் தம்பி டார்ச் அடித்துக் கீழிருந்து பார்ப்பான். குமிழி இருந்தால் வெள்ளி விளிம்பாக மின்னும். ஆனால் கையுறை, ஏப்ரன், விரல் டோசிமீட்டர் இல்லாமல் இந்தத் திறமையைக் காட்ட வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரில் பழகிக்கொண்டு, பிறகு கதிரியக்கக் கரைசலைத் தொடுவதே முறை.

கடிகாரம். ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 109.8 நிமிடம். ஏறத்தாழ 1.6 நிமிடத்துக்கு ஒரு சதவீதம் போகிறது. டோஸ் கேலிப்ரேட்டரின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் பத்து நிமிடம் முன்பின்னாக இருந்தால் எல்லா எண்களும் 6 சதவீதம் பொய். இரண்டு கடிகாரங்களையும் காலையில் கைப்பேசி நேரத்தோடு சரிபார்ப்பதை வழக்கமாக்குங்கள். சிரிஞ்சில் மிச்சமிருப்பதை அளந்து கழிப்பதையும்.

மருந்து சாலைவழி வருவதால் எங்களுக்கு இன்னொரு பாடமும் கிடைக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 544-இல் லாரி ஏதாவது கவிழ்ந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் எஃப்டிஜியில் 31 சதவீதம் வழியிலேயே கரைந்துவிடும். கடைசி நோயாளிக்கு மெல்லிய டோஸ்தான். ஆகவே முழு எண்ணிக்கையில் மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். ஃபேண்டத்தை லிஸ்ட் மோடில் பத்து நிமிடம் எடுத்துவிட்டு, அதிலிருந்து இரண்டு நிமிடம், ஒரு நிமிடம், அரை நிமிடம் என வெட்டி மீளுருவாக்குங்கள். மெல்லிய டோஸ் வந்த நாளில் எந்த முறை தாக்குப்பிடிக்கும் என்பது அரை நிமிடப் படத்தில் தெரிந்துவிடும்.

ஒப்பிடுவது புள்ளிகளை அல்ல, வளைகோடுகளை

கோளத்தின் சராசரியைப் பின்னணியின் சராசரியால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். உண்மை விகிதத்திலிருந்தும் ஒன்றைக் கழித்து, முதலாவதை இதனால் வகுத்தால் மீட்பு விகிதம். 4:1 ஃபேண்டத்தில் கோளத்துக்கு 17, பின்னணிக்கு 5.3 என்று படம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம்: 3.21-இல் ஒன்று போக 2.21, அதை 3-ஆல் வகுத்தால் 74 சதவீதம். 100-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம், அது பிஎஸ்எஃப் எகிறல். இரைச்சலுக்கு, கோளத்தின் அதே அளவுள்ள வட்டங்களைப் பின்னணியில் ஒரு தளத்துக்குப் பன்னிரண்டாக ஐந்து தளங்களில் போட்டு, அறுபது சராசரிகளின் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுக்கச் சொல்கிறது நீமா. அப்படியே செய்யுங்கள்.

இப்போது முக்கியமான இடம். ஓசெம் 3 இட்டரேஷன் ஒரு பக்கம், பிஎஸ்எஃப் சேர்த்த ஓசெம் அதே 3 இட்டரேஷன் மறுபக்கம் என்று வைத்து, நியாயமான ஒப்பீடு என்று பலர் நினைக்கிறார்கள். நியாயமே இல்லை. பிஎஸ்எஃப் சேர்த்தால் விடையை நெருங்கும் வேகம் குறைகிறது. டாஃப் சேர்த்தால் கூடுகிறது. அதே இட்டரேஷன் எண்ணில் மூன்று முறைகளும் மூன்று வெவ்வேறு கட்டங்களில் நிற்கின்றன. எனவே ஒவ்வொரு முறையையும் அதன் கைப்பிடி முழுவதும் திருகிப் பாருங்கள். ஓசெம் என்றால் 1 முதல் 10 இட்டரேஷன் வரை, ஃபில்டர் இல்லாமலும் 2, 4, 6 மில்லிமீட்டரிலும். க்யூகிளியர் என்றால் பீட்டா 100-இலிருந்து 1000 வரை. கிடைமட்ட அச்சில் பின்னணி இரைச்சல், செங்குத்து அச்சில் 10 மில்லிமீட்டர் கோளத்தின் மீட்பு. ஒவ்வொரு முறைக்கும் ஒரு வளைகோடு வரும். அதே இரைச்சலில் எந்தக் கோடு மேலே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கோடு எல்லா இடத்திலும் மேலே இருந்தால் சொல்ல வேறொன்றுமில்லை. கோடுகள் வெட்டிக்கொண்டால், உங்கள் மையம் வேலை செய்யும் இரைச்சல் மட்டத்தில் எது மேலே என்பதுதான் விடை. இதே வரைபடத்தை 17 மில்லிமீட்டர் கோளத்துக்கும் போடுங்கள். சில நேரம் விடை தலைகீழாகும்.

இரைச்சல் விஷயத்தில் ஒரு குழி இருக்கிறது. பிஎஸ்எஃப் படத்தில் அண்டை வாக்ஸல்கள் ஒன்றையொன்று பின்பற்றும்; மணல் போன்ற இரைச்சல் திட்டுத்திட்டாக மாறும். கல்லீரலில் ஒரு கோளம் போட்டு வாக்ஸல்களின் விலக்கத்தை அளந்தால் எண் குறைந்தே வரும், முறை நல்லது போலத் தோன்றும். உண்மையில் அதே இடத்தின் சராசரி ஸ்கேனுக்கு ஸ்கேன் ஆடுவது அதே விகிதத்தில் குறைந்திருக்காது. இதைப் பிடிக்க, பத்து நிமிட லிஸ்ட் மோட் கோப்பை ஒரு நிமிடத் துண்டுகள் பத்தாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியே மீளுருவாக்குங்கள். அதே கோளத்தின் எண் பத்துப் படங்களில் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் நம்பத்தக்க இரைச்சல். இட்டரேஷன் படிகளைக் கையில் பிடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், கட்டணமில்லாமல் கிடைக்கும் ஸ்டிர், காஸ்டர் மென்பொருள்களில் மாதிரித் தரவை ஓட்டிப் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது மீளுருவாக்கம் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும்: அட்டெனுவேஷன் திருத்தத்துக்கு (உடல் விழுங்கும் ஃபோட்டான்களை ஈடுகட்ட) அதே சி.டி. எக்ஸ்ரே ஸ்கேன், அதே சிதறல் திருத்தம், அதே மேட்ரிக்ஸ் (படத்தின் கட்ட எண்ணிக்கை). வாக்ஸல் சிறியதானால் எஸ்யூவிமேக்ஸ் தானாகவே ஏறும். 200-க்கு 200 மேட்ரிக்ஸை 400-க்கு 400-உடன் ஒப்பிட்டுவிட்டு மென்பொருளைப் பாராட்டக் கூடாது.

நோயாளிகளின் தரவில்

ஃபேண்டம் மூச்சு விடுவதில்லை. அதற்கு ஈரலும் காசநோய் நெரிக்கட்டியும் கிடையாது. எனவே பலதரப்பட்ட நோயாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒல்லி, பருமன், நுரையீரல் முடிச்சு, கல்லீரல் கட்டி, சிகிச்சை முடிந்த லிம்ஃபோமா. நம் நாட்டில் மார்பு நடுவில் எஃப்டிஜி பிடிக்கும் சிறிய நெரிக்கட்டிகளுக்குப் பஞ்சமில்லை, பாதிக்கு மேல் பழைய காசநோயின் வேலையாக இருக்குமோ என்று டாக்டர்கள் யோசிக்கும் அளவுக்கு. பிஎஸ்எஃப் அவை அனைத்தையும் பிரகாசமாக்கும். புதிய முறையில் புற்று நெரிக்கட்டி கூடுதலாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால், கூடுதலாகத் தெரிந்தவற்றில் எத்தனைக்கு பயாப்ஸி முடிவு இருக்கிறது என்று கேளுங்கள்.

எண்களுக்கு, வலது கல்லீரலில் 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம், பெருந்தமனியில் ஒன்று, பிறகு கட்டிகளில் எஸ்யூவிமேக்ஸும் எஸ்யூவிபீக்கும். பீக் என்பது ஒரு கனசென்டிமீட்டர் கோளத்தின் சராசரி என்பதால் இரைச்சலுக்கு அவ்வளவு ஆடாது. இரண்டு முறைகளின் எண்களையும் வித்தியாசமாக வைக்காமல் விகிதமாக வையுங்கள். பிறகு சராசரிக்கு எதிராக விகிதத்தைப் புள்ளியிட்டுப் பாருங்கள். சிறிய கட்டிகளில் மட்டும் விகிதம் ஏறியிருந்தால் உங்களுக்குத் தேவையான செய்தி அதுதான். இரண்டுக்கும் ஒட்டுறவு நன்றாக இருக்கிறது என்று கோரிலேஷன் எண்ணை மட்டும் காட்டுவது கண்துடைப்பு. எல்லாவற்றையும் 30 சதவீதம் கூட்டிக் காட்டும் முறைகூட 0.99 வாங்கும்.

கண்பார்வைத் தீர்ப்புக்கு டாக்டர்களிடம் எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். மழுமழுப்பான படத்தைத் தேர்ந்தெடுப்பவரும் உண்டு, மணல் மணலாக இருந்தால்தான் நம்புகிறவரும் உண்டு. முறையின் பெயரை நீக்கி, வரிசையைக் கலைத்து, எல்லாப் படத்தையும் எஸ்யூவி 0 முதல் 7 வரை ஒரே சாம்பல் அளவில் வைத்து, வேலையான கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை கட்டிகள், ஒவ்வொன்றிலும் உறுதி எவ்வளவு, டோவில் மதிப்பெண் (லிம்ஃபோமாவில் கட்டியின் பிரகாசத்துக்கு 1 முதல் 5 வரை தருவது) என்ன. அதே நோயாளியின் இன்னொரு படத்தைச் சில வாரம் கழித்துக் காட்டுங்கள். எங்கள் டாக்டருக்கு நினைவாற்றல் அதிகம். எலும்பில் ஒரு தேய்மானத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

டீப் லேர்னிங் முறைகளுக்கும் இதே சோதனைதான், ஒன்று கூடுதலாக: முழு எண்ணிக்கையில் தெரியும் சிறிய மங்கலான கட்டி, கால்பங்கு எண்ணிக்கையில் மறைந்துபோகிறதா, அல்லது இல்லாத ஒன்று முளைக்கிறதா என்று துண்டுத் துண்டாகப் பாருங்கள். வழுவழுப்பைப் பார்த்து மயங்காதீர்கள்.

எல்லை தாண்டி வந்த சிடி

லிம்ஃபோமாவில் டோவில் அளவுகோல் கட்டியைக் கல்லீரலோடு ஒப்பிடுகிறது. கல்லீரலைத் தாண்டாவிட்டால் அதிகபட்சம் 3, மிதமாகத் தாண்டினால் 4. கல்லீரல் பெரிய, சமமான உறுப்பு. பிஎஸ்எஃப் சேர்த்தாலும் அதன் சராசரி அசையாது. ஆனால் 12 மில்லிமீட்டர் நெரிக்கட்டியின் மேக்ஸ் ஏறும். முதல் ஸ்கேன் சாதாரண ஓசெம், இரண்டாவது பிஎஸ்எஃப் என்றால், மருந்து வேலை செய்திருந்தும் 3 ஆக வேண்டியது 4 ஆகிவிடலாம். அதைப் பார்த்து மருந்து மாற்றும் டாக்டர் இருக்கிறார்.

ஆகவே சிடியைத் திறந்ததும் படத்துக்கு முன் டைகாம் தலைப்பை (படக் கோப்போடு சேர்ந்து வரும் விவரக் குறிப்பு) பாருங்கள். 0054,1103 என்ற இடத்தில் மீளுருவாக்க முறை எழுதியிருக்கும், 0018,1210-இல் ஃபில்டர், 0054,1001-இல் அலகு, 0054,1102-இல் எந்த நேரத்துக்குச் சிதைவுத் திருத்தம் செய்தார்கள் என்பது. முறையின் இடத்தில் 'பிஎஸ்எஃப்+டாஃப் 3ஐ21எஸ்' என்றிருந்தால் சீமென்ஸ், 3 இட்டரேஷன் 21 சப்செட். 'விபிஎஃப்எக்ஸ்' என்றால் ஜிஇ-யின் டாஃப் ஓசெம்; கடைசியில் ஓர் 'எஸ்' ஒட்டியிருந்தால் பிஎஸ்எஃபும் உண்டு; 'க்யூசிஎஃப்எக்ஸ்' என்றால் க்யூகிளியர். 'பிளாப்-ஓஎஸ்-டிஎஃப்' என்றால் பிலிப்ஸ். ஒரேயொரு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நெரிக்கட்டியின் மதிப்பெண் மாறிவிடும்.

முறை வேறாக இருந்தால் பழைய மையத்துக்குப் போன் போட்டு மூலத் தரவு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் அழிந்திருக்கும். நம் கையில் இருப்பது நம் தரவுதான். அதைப் பழைய முறையை ஒத்த மாதிரி மீளுருவாக்கி எண் எடுங்கள்: பிஎஸ்எஃப் நீக்கி, அதே அளவு ஃபில்டர் போட்டு. கருவியே வேறு என்றால் இன்னும் ஒரு படி போக வேண்டும். ஐரோப்பாவில் ஏர்ல் திட்டம் ஒவ்வொரு கோள அளவுக்கும் மீட்பு விகிதம் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று பட்டை வகுத்துத் தந்திருக்கிறது. உங்கள் ஃபேண்ட வளைகோடு அந்தப் பட்டைக்குள் விழும் வரை ஃபில்டரைக் கூட்டி, அதை அளவீட்டு மீளுருவாக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையான கருவிக்குச் சில மில்லிமீட்டர் ஃபில்டர் கூடுதலாகத் தேவைப்படும். விலை கொடுத்து வாங்கிய கூர்மையை நாமே மழுக்குவதா என்று நிர்வாகி முகம் சுளிப்பார். பார்ப்பதற்கான படம் அப்படியே இருக்கிறது என்று காட்டிவிட்டால் போதும்.

கன்சோலில் இரண்டு புரோட்டோகாலுக்கும் தெளிவாகப் பெயர் வையுங்கள்: 'பார்க்க', 'அளக்க'. பெயரோடு இட்டரேஷன், சப்செட், ஃபில்டர் எண்களையும் மென்பொருள் பதிப்பையும் சேர்த்து எழுதுங்கள். பதிப்பு மாறிய வாரத்தில் ஃபேண்டம் மறுபடியும். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் எந்த மீளுருவாக்கத்திலிருந்து எஸ்யூவி எடுத்தது என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். சிடியில் இரண்டு தொடர்களையும் போட்டுக் கொடுங்கள். அடுத்த ஸ்கேன் கோவையிலா திருச்சூரிலா என்று அந்தக் குடும்பத்துக்கே இன்னும் தெரியாது.